கல்லீரல் பற்றி வீட்டில் பேசுவோம்

2023 ஆகஸ்ட் 8ஆம் தேதி இரவு இயக்குநர் சித்திக் கொச்சியில் காலமானார். தமிழில் 'ஃப்ரெண்ட்ஸ்', 'எங்கள் அண்ணா', 'காவலன்' எடுத்தவர். 2019இல் இணையத்தில் ஊரே நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்து விளையாடியதே, அந்த காண்ட்ராக்டர் நேசமணி வருவது அவருடைய படத்தில்தான். கொச்சிக்காரர்களுக்கோ அவர் எங்கள் வீட்டுப் பிள்ளை. கலாபவன் குழுவில் மிமிக்ரி செய்து மேலே வந்தவர். கல்லீரல் நோய்க்கும் நிமோனியாவுக்கும் மருத்துவமனையில் இருந்தபோது மாரடைப்பும் வந்து, எக்மோ கருவியில் வைத்தும் காப்பாற்ற முடியவில்லை. வயது 63.

மறுநாள் கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரியில் எந்தச் சாயாக்கடையில் நின்றாலும் ஒரே கேள்விதான். "ஆளு குடிக்கில்லல்லோ, பின்னெங்ஙனே?" குடிக்க மாட்டாரே, பிறகு எப்படி? நெருங்கிப் பழகிய நண்பர்களும் அதையேதான் சொன்னார்கள். குடியும் இல்லை, சிகரெட்டும் இல்லை. அவருக்கு இருந்தது மதுவால் வராத கல்லீரல் நோய்.

கல்லீரல் என்றால் குடி, குடி என்றால் அவமானம் என்று நம் மனதில் ஒரு முடிச்சு விழுந்து கிடக்கிறது. அந்த முடிச்சினால் எத்தனை குடும்பங்கள் நோயை வெளியே சொல்லாமல் இருக்கின்றன என்பதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். குடிக்கிறவர் திட்டு வாங்கப் பயந்து மறைக்கிறார். குடிக்காதவர் பேர் கெட்டுவிடுமே என்று மறைக்கிறார். 2016 மார்ச் 6ஆம் தேதி, 45 வயதில் நடிகர் கலாபவன் மணி போனார். 'ஜெமினி' படத்துத் தேஜாவை யார் மறக்க முடியும்? அந்த மரணத்தைச் சுற்றி ஆயிரம் கதைகள் கிளம்பின. கடைசியில் சி.பி.ஐ. விசாரித்து, முற்றிய கல்லீரல் நோய்தான் காரணம், கொலை இல்லை என்றது. ஒருவர் குடித்தார், ஒருவர் குடிக்கவில்லை. இரண்டு பேரையும் கொண்டுபோனது ஒரே உறுப்பு.

என் அத்தானுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, கல்லீரல் மாற்று அறுவை நடந்தது. கொடுத்தவள் அக்கா. அத்தான் பஜார் ரோட்டில் மசாலா வியாபாரிகளிடம் கணக்கு எழுதியவர், சொட்டு மது தொடாதவர். அந்தக் காலத்தில் நாங்கள் தெரிந்துகொண்டதை எழுதிவைத்தால் இன்னொரு வீட்டுக்கு உதவும் என்றுதான் இந்தப் பதிவு. மருத்துவர் சொல்வதற்கு இது மாற்று இல்லை. மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு உதவி, அவ்வளவுதான்.

வலிக்காத உறுப்பு

வயிற்றின் வலப்பக்கம், விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கும் கல்லீரல் பெரியவர்களுக்கு ஒன்றேகால், ஒன்றரை கிலோ இருக்கும். இதற்கு இரண்டு வழியில் ரத்தம் வருகிறது. கால்பங்கு தமனி வழியாக, ஆக்ஸிஜனுடன். முக்கால்பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக, நாம் சாப்பிட்டதன் சத்தோடும் நஞ்சோடும். சர்க்கரையைச் சேமித்து வைப்பது, பித்தநீர் சுரப்பது, ரத்தம் உறையத் தேவையான புரதங்களையும் ஆல்புமினையும் செய்வது, அம்மோனியாவை யூரியாவாக்கி வெளியேற்றுவது, விழுங்கிய ஒவ்வொரு மாத்திரையையும் பிரித்துப் போடுவது எல்லாம் இதன் வேலை.

இத்தனை வேலை செய்யும் உறுப்புக்கு உள்ளே வலி உணரும் நரம்பு கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் உறைக்கு மட்டும்தான் வலி தெரியும். அதனால் பாதிக்கு மேல் கெட்ட பிறகும் மனிதர் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போய்வருவார். அத்தானும் அப்படித்தான் போனார்.

இன்று கல்லீரல் கெடுவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று கொழுப்பு படிவது. ஸ்கேன் எடுத்தால் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று ஒரு வரி வரும். எல்லாருக்கும் இருக்கிறதுதானே என்று காகிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு அது அதோடு நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் சிலருக்கு அந்தக் கொழுப்பு அழற்சியாகி, அழற்சி தழும்பாகி, தழும்பு இறுகி, பத்து இருபது வருடத்தில் சிரோசிஸ் ஆகிறது. சர்க்கரை நோய், தொப்பை, உயர் ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு அதிகம் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல்.

மட்டாஞ்சேரியில் வாழ்வது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் தாத்தா காலத்தில் படகிலிருந்து மூட்டை இறக்கி, தலையில் சுமந்து, பண்டகசாலையில் அடுக்கிவிட்டுத்தான் பிரியாணி சாப்பிட்டார்கள். இப்போது மூட்டை சுமக்கிற வேலை போய்விட்டது, பிரியாணி இருக்கிறது. காலையில் பொரோட்டா, நான்கு வேளை சர்க்கரை போட்ட சாயா, ராத்திரி பத்தரைக்குச் சாப்பாடு. உணவைக் குறை சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. எங்கள் ஊரின் பெருமையே அதுதான். உடல் உழைப்பு போன பிறகும் தட்டின் அளவு குறையவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். 80 கிலோ உள்ளவர் 6 முதல் 8 கிலோ குறைத்தால் போதும். யாருக்குத் தழும்பு விழத் தொடங்கியிருக்கிறது என்று பார்க்க ஒரு எளிய கணக்கும் உண்டு: ஃபிப்-4. வயது, இரண்டு என்சைம்கள் (எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.), ரத்தத் தட்டுகளின் எண்ணிக்கை, இவை நான்கும் இருந்தால் கணக்கிட்டுவிடலாம். 1.3க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் பயமில்லை, 2.67க்கு மேலே போனால் கல்லீரல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் இருந்தால் ஃபைப்ரோஸ்கேன் செய்வார்கள். நம் ஊர் லேப் ரிப்போர்ட்டுகளில் இந்த எண்கள் ஏற்கெனவே கிடக்கின்றன. மருத்துவரிடம் கேட்டால் அப்போதே போட்டுச் சொல்லிவிடுவார்.

மஞ்சள் காமாலையும் கீழாநெல்லியும்

நோய்க்கிருமியால் வருவது வேறு கதை. மேற்குக் கொச்சிக்குத் தண்ணீர் எப்போதும் பிரச்சினைதான். நாலாபக்கமும் காயல், குடிக்க மட்டும் டேங்கர் லாரி. அழுக்குத் தண்ணீரில் வருவது ஹெபடைடிஸ் ஏ. 2024இல் இதே எறணாகுளம் மாவட்டத்தில், வேங்ஙூர் பஞ்சாயத்தில் குழாய்த் தண்ணீர் வழியாக அது பரவி, நூற்றுக்கணக்கானோர் படுத்தார்கள், சிலர் இறந்தும் போனார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வந்தால் லேசாகப் போய்விடும். முன்பெல்லாம் குழந்தையிலேயே வந்துபோய் எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். சுகாதாரம் கூடிய கேரளத்தில் இப்போது அது பெரியவர்களுக்கு வருகிறது. பெரியவர்களைக் கடுமையாகத் தாக்குகிறது. சிலருக்குச் சில நாட்களிலேயே கல்லீரல் முழுதாகச் செயலிழந்து, அவசர மாற்று அறுவை வரை போகிறது.

பி, சி இரண்டும் ரத்தம் வழியாக வருபவை. பி வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது, 2011 முதல் நாடு முழுக்கக் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள். பெரியவர்களில் பலர் போட்டதே இல்லை. சி வைரஸுக்குத் தடுப்பூசி கிடையாது, ஆனால் பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் முழுதாகக் குணமாகிவிடும். 2018 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அந்த மாத்திரை இலவசம். இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தால்தானே சாப்பிட முடியும்?

காமாலை என்றதும் நம் கை கீழாநெல்லிக்குத்தான் போகிறது. அந்தச் செடிக்கும் கொச்சிக்கும் பழைய உறவு. டச்சுக் கவர்னர் வான் ரீட் இங்கே இருந்து தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும் சொல்லிய அறிவு அது. அதில் கீழாநெல்லி இனமும் இருக்கிறது. முன்னூறு ஆண்டு கழித்து, 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு அதைச் சோதித்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய பிளம்பெர்க்கும் அந்தக் குழுவில் இருந்தார். சிகிச்சை எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்தது என்று 'லான்செட்' இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இதைச் சொல்வது நம் வைத்தியத்தைத் தாழ்த்த அல்ல. ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே குணமாகிவிடும், எது சாப்பிட்டாலும் அதற்குத்தான் பெயர் போகும். ஆனால் நோய் அடங்காமல் மேலே போகிறபோது, பச்சிலை கொடுத்து நாளை ஓட்டினால் அந்த நாட்கள் திரும்பக் கிடைக்காது. சில மூலிகைக் கலவைகளும், கடையில் வாங்கும் பெயர் தெரியாத பொடிகளும் கல்லீரலையே சிதைத்த நோயாளிகளைப் பற்றிக் கேரளத்துக் கல்லீரல் மருத்துவர்கள் ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள். எது சாப்பிட்டாலும் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். கோபிப்பார் என்று மறைக்காதீர்கள்.

சிரோசிஸ் முகம் காட்டும்போது

தழும்பு இறுகியதும் போர்ட்டல் சிரையின் ரத்தம் கல்லீரலுக்குள் நுழைய முடியாமல் அழுத்தம் ஏறுகிறது. எங்கள் ராமேஸ்வரம்–கல்வத்தி கால்வாய் அடைத்துக்கொண்டால் மழைநீர் சந்து சந்தாக ஏறுவதுபோல, ரத்தமும் மாற்றுவழி தேடுகிறது. உணவுக்குழாயின் மெல்லிய நாளங்கள் புடைத்து ஒருநாள் வெடித்தால் ரத்த வாந்தி. மண்ணீரல் வீங்குவதால் ரத்தத் தட்டுகள் குறைகின்றன. வயிற்றில் நீர் கோத்து, அந்த நீரில் கிருமி தொற்றிக்கொள்ளலாம். அம்மோனியா மூளைக்கு ஏறினால் தூக்கம் தலைகீழாகும், கணக்கு தப்பும், கை நடுங்கும், பேச்சு குழறும்.

அத்தான் விஷயத்தில் அந்தக் குழப்பம்தான் முதலில் எங்கள் கண்ணில் பட்டது. முப்பது வருடம் கணக்கு எழுதிய மனிதர், ஒரு கூட்டல் கணக்கை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுக்க விழிப்பு, பகலெல்லாம் தூக்கம். வயசாகிவிட்டது என்றார்கள் சிலர். ஞாபகம் வையுங்கள்: சிரோசிஸ் உள்ளவருக்குக் குணம் மாறினால், தூக்கம் மாறினால், அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறி. மலம் கழியாமல் இருப்பது, காய்ச்சல், ரத்தக் கசிவு இவற்றில் ஏதாவது அதைத் தூண்டியிருக்கும்.

மாற்று அறுவை எப்போது என்பதைத் தீர்மானிக்க மெல்ட் என்ற எண்ணைப் பார்ப்பார்கள். பிலிருபின், ஐ.என்.ஆர்., கிரியாட்டினின் ஆகிய மூன்றை முக்கியமாக வைத்துப் போடும் கணக்கு, 6 முதல் 40 வரை. 15ஐத் தாண்டினால் மாற்று அறுவையால் பலன் அதிகம் என்பது பொதுவான அளவுகோல். எண் மட்டுமே முடிவு செய்வதில்லை. கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி, திரும்பத் திரும்ப வரும் குழப்பம், அடங்காத வயிற்று நீர் இவையும் கணக்கில் வரும்.

எங்கிருந்து வந்தது இந்த அறுவை

1963 மார்ச் 1ஆம் தேதி அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸல் உலகின் முதல் கல்லீரல் மாற்றைச் செய்தார். 3 வயதுக் குழந்தை. ரத்தப்போக்கு நிற்கவில்லை, அறுவை மேசையிலேயே இறந்தது. அடுத்து வந்தவர்களும் நீண்ட நாள் பிழைக்கவில்லை. 1967இல்தான் முதல் வெற்றி. எழுபதுகளின் இறுதியில், புது உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து வந்த பிறகே இது நம்பத்தகுந்த சிகிச்சையானது. பிறகு ஜப்பானின் சுகுபா மலையடிவாரத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து 1984இல் அதே வேலை செய்யும் டாக்ரோலிமஸைக் கண்டெடுத்தார்கள். இன்று மாற்று செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் தினமும் விழுங்குவது அதைத்தான்.

இந்தியாவில் வெற்றிகரமான முதல் கல்லீரல் மாற்று 1998 நவம்பரில் டெல்லி அப்போலோவில் நடந்தது. பிழைத்தது இரண்டு வயதுகூட நிறையாத நம் காஞ்சிபுரத்துக் குழந்தை. பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்ட பிள்ளை. அப்பா கொடுத்த கல்லீரல் துண்டில் வளர்ந்து இன்று அந்தப் பிள்ளையே மருத்துவர். மயிலாடுதுறைப் பக்கம் கிளியனூரில் பிறந்த மருத்துவர் முகமது ரேலா 1997இல் லண்டனில் 5 நாள் சிசுவுக்குக் கல்லீரல் மாற்றியதும் இந்த வரலாற்றில் சேர்ந்ததுதான். கொச்சி இந்தச் சிகிச்சைக்குப் பேர்போன நகரமாகி இருபது வருடமாகிறது. 2023 ஏப்ரலில் நடிகர் பாலா, இயக்குநர் சிறுத்தை சிவாவின் தம்பி, இங்கேதான் புதுக் கல்லீரலோடு எழுந்து வந்தார். அரசுத் துறையில், 2022 பிப்ரவரியில் கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் மனைவி தந்த கல்லீரலைக் கணவருக்குப் பொருத்தினார்கள். தமிழ்நாட்டில் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றும் அடங்கும். தனியாரில் இருபது லட்சம் அளவுக்கு ஆகிற அறுவை இது. கடன் வாங்கும் முன் இந்த வழிகளை விசாரியுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

ஒப்புதல் படிவத்தில் இருந்த சிக்கல்களின் பட்டியலைப் பார்த்து அக்கா பயந்தாள். 'அதெல்லாம் சும்மா எழுதுவது' என்று உறவினர்கள் தேற்றினார்கள். சும்மா எழுதுவதில்லை. ஒவ்வொரு வரியும் எங்கோ ஒருவருக்கு நடந்தது. அதைப் புரிந்துகொண்டவர்கள்தான் அறிகுறி தெரிந்த அன்றே ஓடிவருவார்கள்.

முதல் நாட்களில் மருத்துவர்கள் பயப்படுவது ரத்தக் கசிவுக்கும், புதுக் கல்லீரல் வேலையே தொடங்காமல் போவதற்கும். தொடங்காவிட்டால் உடனே இன்னொரு கல்லீரல் வேண்டும், வேறு வழி இல்லை. அடுத்தது கல்லீரல் தமனியில் ரத்தம் உறைவது. உயிருள்ளவர் தந்த துண்டில் அந்தத் தமனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறுக்களவுதான். பித்தநாளத்துக்கு ரத்தம் வருவது அந்தத் தமனி ஒன்றிலிருந்து மட்டும். அது அடைத்தால் பித்தநாளம் செத்துப்போகும். அதனால்தான் ஐ.சி.யு.வில் தினமும் டாப்ளர் ஸ்கேன் செய்கிறார்கள். 'எத்தனை ஸ்கேன்!' என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

துண்டு சிறியதாக இருந்தாலும் ஆபத்து. பெறுபவரின் எடையில் 0.8 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 70 கிலோ ஆளுக்கு 560 கிராம். அதைவிடக் குறைந்தால் பாய்ந்து வரும் போர்ட்டல் ரத்தத்தைத் தாங்க முடியாமல் கல்லீரல் திணறும், மஞ்சள் ஏறும், வயிற்றில் நீர் கோத்துக்கொண்டே இருக்கும்.

பித்தநாளச் சிக்கல்கள்தான் மிகவும் பரவலானவை, உயிருள்ளவர் தரும்போது இன்னும் அதிகம். ஒட்டிய இடத்தில் கசியலாம், மாதங்கள் கழித்துச் சுருங்கலாம். அத்தானுக்குச் சுருங்கியது. வீட்டுக்கு வந்து நன்றாகத் தேறி, கடைவீதி வரை நடக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் கடும் மஞ்சள், மாலையில் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல். கொசுக்கடி என்று அவர் சொன்னார், அக்கா கேட்கவில்லை. படிவத்தில் படித்தது அவளுக்கு நினைவிருந்தது. அன்றே கொண்டுபோனாள். எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் வைத்தார்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றினார்கள், சரியானது. தாமதித்திருந்தால் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கும் என்றார் மருத்துவர்.

அடுத்தது நிராகரிப்பு. உடம்பின் காவல் அணுக்கள் புது உறுப்பை அந்நியன் என்று தாக்குவது. முதல் சில மாதங்களில் அதிகம். பெரும்பாலும் வெளியே எதுவும் தெரியாது, ரத்தப் பரிசோதனையில் என்சைம் மட்டும் ஏறும். சிறு ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்து, ஸ்டீராய்டு ஊசி போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கும், கண்டுபிடித்தால். கண்டுபிடிக்க, சொன்ன தேதியில் ரத்தம் கொடுக்க வேண்டும்.

நிராகரிப்பைத் தடுக்கக் காவலைக் குறைக்கிறோம், அதனால் தொற்று வருகிறது. முதல் மாதத்தில் மருத்துவமனைக் கிருமிகள், பிறகு சி.எம்.வி. போன்ற வைரஸ், பூஞ்சை, நம் நாட்டில் காசநோயும். டாக்ரோலிமஸ் கூடினால் கை நடுங்கும், சிறுநீரகம் கெடும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். குறைந்தால் நிராகரிப்பு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய பாதையில்தான் வாழ்நாள் முழுக்க நடக்க வேண்டும். பல வருடம் கழித்துத் தோல் புற்றுநோய் உட்படச் சில புற்றுநோய்களின் ஆபத்தும் கூடுகிறது. பழைய நோயே திரும்பலாம்: எடையும் சர்க்கரையும் கட்டுக்குள் இல்லையென்றால் புதுக் கல்லீரலிலும் கொழுப்பு படியும், குடித்தால் அதுவும் கருகும்.

இவ்வளவும் கேட்ட பிறகு இதையும் கேளுங்கள். அனுபவம் மிக்க மையங்களில் பத்துப் பேருக்குச் செய்தால் ஏறக்குறைய ஒன்பது பேர் ஒரு வருடம் தாண்டுகிறார்கள். பலர் இருபது முப்பது வருடம் வாழ்கிறார்கள். மாற்று இல்லாமல் முற்றிய சிரோசிஸோடு அந்த வாழ்வு கிடையாது.

கொடுப்பவரைப் பற்றியும் கேளுங்கள்

இந்தியாவில் 2023இல் நான்காயிரத்து நானூறுக்கும் மேல் கல்லீரல் மாற்றுகள் நடந்தன. அவற்றில் பெரும்பகுதி உயிருள்ள உறவினர் கொடுத்தது. கொடுப்பவர்களில் பெண்களே அதிகம்: மனைவி, அம்மா, மகள். கேரள உயர் நீதிமன்றத்தின் 2022 டிசம்பர் உத்தரவு நினைவிருக்கலாம். 18 வயது நிறையாதவர் உயிரோடு உறுப்பு தரச் சட்டத்தில் இடமில்லை. திருச்சூர்க்காரப் பெண் ஒருத்தி, 17 வயது, அப்பாவுக்குக் கொடுக்க அனுமதி கேட்டு நீதிமன்றம் போனாள், கிடைத்தது. உணவை மாற்றி, ஜிம்முக்குப் போய்த் தன் கல்லீரலைத் தயார் செய்துகொண்டாள். 2023 பிப்ரவரியில் ஆலுவாவில் அறுவை நடந்தது. எல்லாரும் அவளைப் பாராட்டினோம், பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் கொடுப்பது வீரம் என்று பேசிப் பேசியே, வேண்டாம் என்று சொல்லும் உரிமையை நாம் பறித்துவிடக் கூடாது. வலது பாகம் என்றால் கல்லீரலில் அறுபது சதவீதம் அளவுக்கு எடுக்கிறார்கள். இரண்டு மூன்று மாதத்தில் அது ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிடும் என்பது உண்மை. கொடுப்பவருக்கும் பித்தக் கசிவு, தொற்று, தையல் விட்டுக் குடலிறக்கம் வரலாம் என்பதும் உண்மை. உயிராபத்து ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து வரை என்று சொல்கிறார்கள். சின்ன எண்தான். 2025 ஆகஸ்டில் புனேயில் கணவருக்குக் கல்லீரல் கொடுத்த மனைவியும் பெற்ற கணவரும் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அது சின்ன எண் இல்லை.

அக்காவைத் தனியாக அழைத்து, குடும்பத்தார் யாரும் இல்லாமல் பேசினார்கள். "உங்களுக்கு விருப்பமில்லை என்றால் சொல்லுங்கள், மருத்துவக் காரணத்தால் பொருந்தவில்லை என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்" என்றார் ஒரு மருத்துவர். அப்படி ஒரு கதவு திறந்திருந்ததால்தான் நிம்மதியாகச் சம்மதித்தேன் என்று அவள் பிறகு சொன்னாள். அறுவை முடிந்து வந்தவர்களெல்லாம் அத்தானைத்தான் விசாரித்தார்கள். அடுத்த அறையில் அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். கொடுத்தவருக்கும் ஓய்வு வேண்டும், சமையலறையிலிருந்து விடுப்பு வேண்டும், பரிசோதனைத் தேதி வேண்டும். நோயாளியைப் பார்க்கப் போனால் முதலில் அவரைப் பாருங்கள்.

பிறகான வாழ்க்கை

டாக்ரோலிமஸ் 12 மணி நேர இடைவெளியில். ரத்த அளவு பார்க்கும் நாளில், காலை மாத்திரை போடும் முன் ரத்தம் கொடுக்க வேண்டும், போட்ட பிறகு கொடுத்தால் கணக்கு தப்பிவிடும். மருந்துக்கடையில் தானாக எதையும் வாங்கக் கூடாது. கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் போன்றவை மருந்தின் அளவை ஏற்றிவிடும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும், வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கும். பம்ப்ளிமாஸ் பழமும் மருந்தின் அளவை ஏற்றக்கூடும், அதைத் தவிர்ப்பது நல்லது. கொதித்து ஆறிய தண்ணீர், நன்றாக வெந்த மீன். ஜூன் ஜூலையில் தெருவில் தண்ணீர் நிற்கும்போது வெறுங்காலோடு இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் இங்கே சாதாரணம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுப் படுக்காமல் மருத்துவமனைக்குப் பேச வேண்டும். அத்தான் இப்போது இப்படித்தான் வாழ்கிறார், மகிழ்ச்சியாகவே வாழ்கிறார்.

எல்லா வீட்டிலும் பொருந்தும் உறவினர் இருக்க மாட்டார். மூளைச்சாவு அடைந்தவர்கள் தருவதுதான் அவர்களுக்கு வழி. கேரளத்தில் 2012இல் அதற்கான 'மிருதசஞ்சீவனி' திட்டம் தொடங்கியது, 2015இல் 76 குடும்பங்கள் தானம் செய்தன. பிறகு சந்தேகமும் வதந்தியும் வழக்கும் பரவி, 2018இல் அது 8 ஆகச் சரிந்தது. 76 எங்கே, 8 எங்கே! மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதி செய்கிறார்கள் என்பதை மக்களுக்குப் பொறுமையாகச் சொல்ல நாம் தவறினோம். தமிழ்நாட்டில் 2008இல் ஹிதேந்திரன் என்ற பள்ளிப் பிள்ளையின் பெற்றோர், இருவரும் மருத்துவர்கள், மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளைத் தர, தங்கள் துயரத்துக்கு நடுவே எடுத்த முடிவு ஒரு மாநிலத்தையே மாற்றியது. 2023 செப்டம்பரில் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை என்று அறிவித்தார்கள். 2024இல் அங்கே 268 பேர் கொடையாளர்கள். ஒரு மாநிலம் வெளிப்படையாகப் பேசியதன் பலன் அது.

எனக்குத் தெரிந்து கல்லீரல் நோயில் எந்தப் படியிலும் ஆளைக் கொல்வது மறைப்புதான். ஸ்கேன் காகிதத்தை அலமாரியில் வைப்பது, குடியை மறைப்பது, குடிக்காதவருக்கு வந்த நோயை மறைப்பது, பொடியை மருத்துவரிடம் மறைப்பது, படிவத்தின் பட்டியலைப் பெண்களிடம் மறைப்பது, காய்ச்சலைக் கொசுக்கடி என்பது. இதில் ஒவ்வொன்றையும் நம்மால் இன்றே நிறுத்த முடியும். அதற்குப் பணம் தேவையில்லை.

எனவே இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் சர்க்கரையோ தொப்பையோ உள்ள நாற்பது வயதுக்காரரின் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து மருத்துவரிடம் காட்டி ஃபிப்-4 கேளுங்கள். பி, சி வைரஸ் சோதனையும் ஒருமுறை செய்யுங்கள். பிறகு ராத்திரிச் சாப்பாட்டில் எல்லாரும் இருக்கும்போது, 'எனக்கு மூளைச்சாவு நேர்ந்தால் உறுப்புகளைக் கொடுத்துவிடுங்கள்' என்று உங்கள் விருப்பத்தைச் சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் கையெழுத்துப் போடப்போவது அவர்கள்தான். உங்கள் விருப்பம் தெரிந்திருந்தால் அவர்கள் கை தயங்காது.